டன்யின்கோன் ஸ்டேஷன்: காய் வாங்கப் போனா அஞ்சு ஸ்டார், சும்மா போனா மூணு

ரங்கூன் சுத்து ரயிலப் பத்தி எழுதறவங்க எல்லாரும் ரங்கூன் சென்ட்ரல் ஸ்டேஷன்ல நாலு போட்டோ எடுத்துட்டு ஏறி, மூணு மணி நேரம் கழிச்சு அதே இடத்துல இறங்கிட்டு "சூப்பர்"னு போட்டுடறாங்க, நடுவுல டன்யின்கோன்ல இறங்கவே இல்லன்னா அந்த டிக்கெட்டு பாதி வேஸ்ட்டுங்க.

சென்ட்ரல பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 1877ல ப்ரோம்ங்கிற ஊருக்கு லைன் போட்டப்ப வெள்ளக்காரன் கட்டுனது ரெண்டாவது உலகப்போர்ல போயிடுச்சு, இப்ப நிக்கிறது 1954 ஜூன்ல திறந்தது, ஊ தின்ங்கிற பர்மியர் போட்ட டிசைன், அடுக்கடுக்கா கூரை வச்ச கோபுரத்தோட பழைய ராஜா அரண்மனை கணக்கா இருக்கும். எங்க அப்பத்தா அது திறந்ததப் பாத்தவங்க, சாகுற வரைக்கும் அத "புது டேசன்"னுதான் சொன்னாங்க. சுத்து ரயிலுக்கு 6, 7 பிளாட்பாரம் பக்கம் போகணும், நம்பர் பர்மிய எழுத்துல இருக்கும், தெரியலன்னா கூச்சப்படாம யாரையாவது கேளுங்க.

மொத்த சுத்து 46 கிலோமீட்டர் சொச்சம், நாப்பதுக்கு ஒண்ணு ரெண்டு கம்மியா ஸ்டேஷன். மூணு மணி நேரம்னா கணக்குப் போட்டுப் பாருங்க, மணிக்கு 15 கிலோமீட்டர், சைக்கிள்ல போறவன் டாட்டா காட்டிட்டுப் போவான். மீட்டர் கேஜ் வேற, தொட்டில் மாதிரி ஆடும். ஜப்பான்ல ஓடி ரிட்டயர் ஆன டீசல் வண்டிங்கள இங்க கொண்டாந்து விட்டிருக்காங்க, சிலதுல ஜப்பான் எழுத்தக் கூட அழிக்கல, அந்த ஊர் ஸ்டேஷன் பேரப் படிச்சுகிட்டே நாம இங்க கமாயுட் ஸ்டேஷன்ல போய் இறங்கலாம். முன்னாடி ரொம்ப வருஷம் 200 கியாட்டுக்கு முழு சுத்தும் சுத்த முடிஞ்சுது, டீக்கடையில ஒரு லப்பெயே, அதாவது ஒரு டீ கூட அந்தக் காசுக்கு வராது.

ஏறும்போது இன்செய்ன் பக்கமா போற வண்டியான்னு கேட்டு ஏறுங்க, இது முக்கியம். ச்சிமின்டைங், லேடான், இன்செய்ன் வழியா போனா ஒண்ணே கால் ஒன்றரை மணி நேரத்துல டன்யின்கோன், மாத்தி ஏறிட்டீங்கன்னா தாம்வே, மிங்கலாடோன்னு பின்பக்கமா சுத்திகிட்டு போவீங்க.

இறங்கினா ஸ்டேஷன் எங்கன்னு தேடணும், ஏன்னா சந்தைதான் ஸ்டேஷன். தண்டவாளத்த ஒட்டியே புளிச்சக்கீரை, வள்ளக்கீரைக் கட்டு, வாழைத்தாரு, மூங்கில் குருத்து, இஞ்சி எல்லாம் மூட்ட மூட்டயா கிடக்கும், வண்டி வந்து நின்ன சில நிமிஷத்துல கதவு வழியா ஜன்னல் வழியா கட்டு கட்டா உள்ள போகும், கன்னத்துல தனக்கான்னு மரப்பட்டைய அரைச்சுப் பூசின அக்காங்க லுங்கியத் தூக்கிச் செருகிகிட்டு ஏறுற வேகம் இருக்கே, நாம ஓரமா ஒதுங்கி நிக்கறதுதான் மரியாதை. வசதின்னு கேட்டீங்கன்னா ஏசி வெயிட்டிங் ரூம் மாதிரி எதையும் நினைச்சுகிட்டு வராதீங்க. நிழலுக்கு வியாபாரிங்க கட்டின தார்ப்பாய், பசிக்கு மீன் குழம்பு ஊத்தின மொஹிங்கா நூடுல்ஸ், வாய்க்கு வெத்தல, டைம் டேபிளுக்கும் கீரைக்கார அக்காதான், நமக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிடும் வண்டி வருதுன்னு.

பாத்ரூம் விஷயத்த மட்டும் ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கங்க. இந்த லைன்ல ஒரு சின்ன ஸ்டேஷன்ல, பேரு வேண்டாம், கதவுல பூட்டு தொங்குச்சு, சாவி யாருகிட்டன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல.

போன தடவ வாழப்பூவுக்கு பர்மியல பேரம் பேசிகிட்டு இருக்கும்போது "கொள்ளை விலையா இருக்கே"ன்னு தமிழ்ல வாய்விட்டு முனகிட்டேன், பக்கத்துக் கடை பெரியவர் திரும்பி "தம்பி, மழையில எல்லாம் அழுகிப்போச்சு, குடுத்துட்டுப் போங்க"ன்னாரு. அவரு கூடப் பேசிகிட்டே நின்னதுல வண்டி போயிடுச்சு, தப்பு என்னோடதுதான். அடுத்தது வர்ற வரைக்கும் அவரு கடை சாக்கு மேலயே உக்காந்திருந்தேன், எழுந்து வரும்போது ஒரு கட்டு புளிச்சக்கீரைய சும்மா கையில திணிச்சாரு.

போறவங்க காலைலயே போயிடுங்க, வெயில் ஏறிட்டா நல்ல கீரை எல்லாம் டவுனுக்கு ஏறிப் போயிருக்கும், வாடினதுதான் மிச்சம். பை நீங்களே கொண்டுபோங்க.