செயலியா, சென்சாரா, குளுக்கோமீட்டரா: நான்காவது மாதத்திலும் கையில் நின்றது எது?

கடந்த ஆண்டு ஆடி மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் என் எச்பிஏ1சி 8.2 விழுக்காடு என்று வந்தது. மாத்திரையை உடனே கூட்ட வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திப் பார்ப்போம் என்றார் மருத்துவர். எதை வைத்து ஒழுங்குபடுத்துவது என்று தேடியபோது மூன்று வழிகளை அடுத்தடுத்து முயன்றேன்: சாப்பிட்டதைப் பதிந்தால் கலோரிக் கணக்குச் சொல்லும் கைப்பேசிச் செயலி, மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சார், விரலில் குத்தி எடுத்த துளி இரத்தத்தில் சர்க்கரையை அளந்து, புளூடூத் வழியே கைப்பேசியோடு இணையும் குளுக்கோமீட்டர். இன்றும் என்னிடம் நிலைத்திருப்பது மூன்றாவதுதான். எனக்கு இருப்பது டைப் 2 நீரிழிவு, எடுத்துக்கொள்வது மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்பதை மனத்தில் கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டும் என்று விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றும், அப்படித் தானாக அளக்கும் எந்தக் கருவிக்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்றும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருந்தது. கடிகாரம் காலடிகளை எண்ணினால் போதும்.

உணவுச் செயலிக்கு நான் ஒரு விதத்தில் கடன்பட்டிருக்கிறேன். சாம்பாருக்கு மூன்று கரண்டி சோறு, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மதியம் ஐந்து கரண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது, எழுதத் தொடங்கிய முதல் வாரத்தில்தான் எனக்கே தெரிந்தது. ஆனால் அந்தப் பாடம் முடிந்த பிறகு பதிவு வேலை மட்டுமே மிஞ்சியது. செயலி 'ஒரு கிண்ணம்' என்று கேட்கும். எங்கள் வீட்டில் நான்கு அளவுகளில் கிண்ணங்கள் இருக்கின்றன. தேங்காய் அரைத்துவிட்ட குழம்புக்கும் அரைக்காத குழம்புக்கும் ஒரே பெயர். "சோறு ஆறிப்போகுதுங்க, சாப்பிட்டுட்டு எழுதக் கூடாதா?" என்று மனைவி சொல்ல, பிறகு எழுதலாம் என்று வைத்தவை பலவும் எழுதப்படாமலே போயின. ஆறாவது வாரத்தில் பாதி நாட்கள் வெறுமையாகக் கிடந்தன. அதைவிடப் பெரிய குறை, நான் அறிய விரும்பிய விடை அதில் இல்லை என்பது. ஒரு தட்டு ரவை உப்புமாவும் ஒரு கை வேர்க்கடலையும் கலோரியில் நெருங்கி வரலாம். இரத்தச் சர்க்கரையை அவை ஒரே அளவில் ஏற்றுவதில்லை.

அந்த விடையைச் சென்சார் கண்ணெதிரே காட்டியது. 14 நாள் உழைக்கும் ஒன்றை, ஏறத்தாழ 5,000 ரூபாய் கொடுத்து வாங்கி இடது மேற்கையின் பின்புறம் ஒட்டிக்கொண்டேன். சர்க்கரைக்கு நல்லது என்று நம்பித் தினமும் காலையில் குடித்துவந்த கேழ்வரகுக் கஞ்சி, குடித்த ஐம்பதாவது நிமிடத்தில் 214ஐத் தொட்டது (இங்கே சர்க்கரை எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. அளவில்). மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய தானியம் விரைவில் செரித்துவிடும் என்று படித்திருந்தாலும், என் உடம்பின் கோடு அப்படிச் செங்குத்தாக ஏறுவதைப் பார்த்த பிறகே கஞ்சியை விட மனம் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் குளுக்கோமீட்டர் இந்த உச்சியைத் தவறவிட்டிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்சாருக்கும் குறைகள் உண்டு. அது அளப்பது இரத்தத்தை அன்று, தோலுக்கடியில் திசுக்களுக்கிடையே உள்ள நீரை; ஆகவே சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கும். ஒட்டியிருக்கும் கையின் மேல் சாய்ந்து படுத்தால் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். ஓர் இரவு மூன்று மணிக்கு 58 என்று பார்த்துப் பதறி எழுந்து, விரலில் குத்திப் பார்த்தால் 104 இருந்தது.

இவற்றை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது தொடர் செலவும் தொடர் உழைப்பும்தான். எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைச் சொல்வது. இரண்டு வாரம் சிறப்பாக இருந்துவிட்டு மூன்றாம் வாரம் கைவிடும் எந்த முறையும் அதில் பெரிதாகத் தெரியாது. ஆண்டு முழுவதும் சென்சார் ஒட்டிக்கொள்ள 26 வேண்டும், அதாவது 1,30,000 ரூபாய். குளுக்கோமீட்டருக்கு நான் வாரம் பத்து ஸ்ட்ரிப் (இரத்தத் துளியை வைக்கும், ஒருமுறை மட்டும் பயன்படும் பட்டை) வைத்துக்கொள்கிறேன்; ஒன்று 20 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 10,400 ரூபாய். அந்தப் பத்தையும் வெறும் வயிற்றிலேயே செலவழித்தால் எந்த உணவு என்ன செய்தது என்று தெரியாது. மாறாக, வாரத்தில் ஐந்து வேளைகளைத் தேர்ந்து, முதல் கவளத்துக்கு முன் ஒன்றும் அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றுமாகச் சோடியாகப் பார்க்கிறேன். எண் தானாகக் கைப்பேசியில் ஏறிவிடும். அதன் கீழே ஒரு வரி மட்டும் நான் தட்டச்சு செய்கிறேன்.

என் குறிப்பிலிருந்து இரண்டு வரிகள்: "4 இட்லி, தேங்காய்ச் சட்னி: 118, 196." "2 இட்லி, ஒரு கிண்ணம் பயறு சுண்டல்: 121, 153." இப்படி நாற்பது வரிகள் சேர்ந்தபோது, எங்கள் சமையலறைக்கென்றே ஓர் அட்டவணை கிடைத்துவிட்டது. ஆரஞ்சு உரித்த விரலைக் கழுவாமல் குத்தியதால் 231 என்று வந்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பின் 146 ஆன நாள் ஒன்றும் அதில் இருக்கிறது. அன்றிலிருந்து கை கழுவாமல் ஸ்ட்ரிப்பைத் தொடுவதில்லை.

நடைக்கும் இதே சோடிக் கணக்கு உதவியது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் 10 நிமிடம் நடப்பது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைச் சராசரியாக 12 விழுக்காடு குறைத்தது; இரவு உணவுக்குப் பின் பலன் கூடுதலாக இருந்தது. அதைப் பின்பற்றி, இரவில் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு நிமிடம் நடந்த நாட்களில், நடக்காத நாட்களைவிட 25 முதல் 35 வரை குறைவாகப் பார்த்தேன். மூன்று வேளைக்குப் பின்னும் இப்படி நடந்தால், வாரத்துக்கு 150 நிமிடம் என்ற பொதுவான அறிவுரையும் தானே நிறைவேறிவிடும்.

இப்போது என் எச்பிஏ1சி 7.1. அதில் கருவிக்கு எவ்வளவு பங்கு, சோற்றைக் குறைத்ததற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தக்கூடிய மாத்திரை எடுப்பவர்களுக்கும் என் முடிவை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூக்கத்தில் 70க்குக் கீழே இறங்கும்போது எழுப்பிவிடும் அலாரத்தோடு கூடிய சென்சார் அவர்களுக்கு உயிர்க்காவலாக இருக்கலாம்; அந்த நிலையில் வாழ்ந்த அனுபவம் எனக்கு இல்லை. என்னைப் போன்றவர்களும், கையில் பணம் இருந்தால், ஒரே ஒரு முறை 14 நாள் சென்சார் ஒட்டிப் பார்ப்பது நல்லது.

குளுக்கோமீட்டர் வாங்கச் செல்பவர்கள் கருவியின் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்குரிய ஸ்ட்ரிப் உங்கள் தெரு மருந்துக் கடையில் எப்போதும் கிடைக்கிறதா, ஐம்பது கொண்ட குப்பி என்ன விலை, திறந்த பின் எத்தனை மாதம் தாங்கும் என்று முதலில் கேளுங்கள். நான் முதலில் வாங்கிய மலிவான கருவிக்கு ஸ்ட்ரிப் கிடைக்காமல், அது இன்னும் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது.