கேன்வாஸா, கண்ணாடியா? வேலூர்ச் சுவருக்கு எது தாங்கும்

நவீன ஓவியத்தின் நகலை வீட்டில் மாட்ட இரண்டு வழி. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ் பிரிண்ட் ஒன்று. படத்தைச் சுற்றி மவுண்ட் என்ற அட்டை ஓரம் வைத்துக் கண்ணாடி போட்ட காகிதப் பிரிண்ட் இன்னொன்று. என் ஓட்டு கண்ணாடிக்கு.

விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் பிக்மெண்ட் இங்க்தானா (நிறமித் துகள் கலந்த மை) என்று கேளுங்கள். கரைந்த சாயத்தாலான டை இங்க் சீக்கிரம் வெளுக்கும்.

கேன்வாஸுக்கும் நியாயம் உண்டு. இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் 'மூன்று பெண்கள்' (1935) எண்ணெய் வண்ணம். துணியில் பார்க்க அழகுதான், ஜன்னலுக்கு எதிரே மாட்டினாலும் பளபளக்காது. ஆனால் ஓவியர் பவுல் க்ளே 1914-ல் துனிசியாவில் தீட்டிய நீர்வண்ணங்கள் காகிதத்தில் பிறந்தவை. அந்த மெல்லிய சாயத்தைத் துணியின் இழை விழுங்கிவிடும்.

தீர்ப்பைச் சொல்வது பராமரிப்புதான். கத்திரி வெயிலில் ஜன்னலைத் திறந்தால் புழுதி, ஐப்பசி மழையில் சுவரில் ஓதம். கேன்வாஸின் இழைக்குள் புழுதி இறங்கினால் ஈரத்துணி போட முடியாது, இங்க் தேயும். காய்ந்த மென்தூரிகைதான் கதி. ஈரமும் வெக்கையும் மாறி மாறி வந்தால் துணி தொய்யும். சட்டத்தின் மூலையில் மர ஆப்பு இருந்தால் தட்டி இறுக்கலாம்; மலிவுச் சட்டங்களில் மூலையையே அடித்து மூடியிருப்பார்கள்.

கண்ணாடியைத் துடைத்தால் முடிந்தது, பிரேம் சரியாகப் போட்டிருந்தால். சாமி படம் போடும் கடையில் வழக்கமாகப் படம் முழுக்கப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டி, கண்ணாடியோடு அழுத்திவிடுவார்கள். மழைக்காலத்தில் காகிதம் உப்பும், கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும். அதனால் முன்கூட்டியே சொல்லுங்கள்: அமிலமில்லாத மவுண்ட் போர்டு, நாலு பக்கமும் 2 அங்குலம், அடியில் கொஞ்சம் கூடுதல். படத்தின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் அமிலமில்லாத டேப். காகிதம் சுருங்கி விரிய மற்ற மூன்று பக்கமும் ஒட்டாமல் விட்டிருக்க வேண்டும். ஹார்ட்போர்டு படத்தைத் தொடாமல் நடுவே இன்னொரு மவுண்ட் போர்டு. பின்பக்க இடுக்கெல்லாம் டேப்; திறந்திருந்தால் ராமபாணப் பூச்சி நுழையும். பிரேமின் கீழ் மூலைகளில் 5 மி.மீ. ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். குளியலறையை ஒட்டிய சுவரும், மேற்கு வெயில் அடிக்கும் சுவரும் வேண்டவே வேண்டாம்.

மவுண்டோடு சேர்த்து 60×90 செ.மீ. வரும் படத்துக்கு 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே சுமார் 2.7 கிலோ, இரண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். அதைவிடப் பெரிய படத்துக்கு இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே கண்ணாடியின் கனமே தொல்லை, அதற்குப் பதில் போடும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கோ எளிதில் கீறல் விழும், தூசியை இழுக்கும். கேன்வாஸ் பக்கம் சாய்வதில் தப்பில்லை.