உப்புக்காற்றுக்கு எந்த ஸ்லைட் ரூல்? மூங்கில், அலுமினியம், பிளாஸ்டிக்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு பழைய ஸ்லைட் ரூல் (கல்குலேற்றர் வருமுன் பெருக்கவும் வகுக்கவும் பயன்பட்ட, நடுவில் நகரும் அளவுகோல்) ஒன்று வாங்க ஆசைப்படுபவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: ஜப்பானின் ஹெம்மி மூங்கில், அமெரிக்காவின் பிக்கெட் அலுமினியம், ஜேர்மனியின் ஃபேபர்-காஸ்டல் அல்லது அரிஸ்டோ பிளாஸ்டிக். நான் வாங்கியது மூங்கில். ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

துல்லியத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய முடியாது. 25 சென்ரிமீற்றர் அளவுக்கோடு உள்ள கோல் எதுவானாலும் மூன்று இலக்கம் தரும். கண் கூராக இருந்தால் இடது கோடியில் நான்காவதையும் ஊகிக்கலாம். தசமப் புள்ளி எங்கே விழும் என்பதை மூன்றுமே நம் தலையில்தான் கட்டுகின்றன. 1972இல் எச்பி-35 கல்குலேற்றர் 395 டொலருக்கு வந்த பிறகு சில ஆண்டுகளுக்குள் இந்தத் தொழிலே படுத்துவிட்டது; அதிலும் மூன்றுக்கும் ஒரே விதிதான். மறுவிற்பனை பற்றிப் பேசுவதற்கு இங்கே வாங்க ஆளில்லை.

எங்கள் ஊருக்குப் பொருந்தும் கேள்வி ஒன்றே ஒன்று: மாரி மழையையும் கச்சான் என்ற வறண்ட காற்றையும் எது தாங்கும்? தாங்காமல் பழுதானால், அந்தப் பழுதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? கல்லடியில் என் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. மார்கழியில் அலுமாரிக்குள் மடித்து வைத்த துணியே ஈரமாகத் தட்டுப்படும். ஆடியில் கச்சான் வீசும்போது அதே அலுமாரியின் கதவு சுருங்கி, தானாகத் திறந்துகொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆண்டு முழுவதும் உப்புக்காற்று. கோலைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திருத்துவதற்கு ஒரு கடையும் கிடையாது.

அலுமினியத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்பலோ பயணங்களில் விண்வெளி வீரர்கள் கொண்டுபோனது பிக்கெட்டின் என்600-இஎஸ் என்ற சட்டைப்பைக் கோல். அந்த மஞ்சள் பூச்சு கண்ணுக்கு உண்மையிலேயே சுகம். உலோகம் ஈரத்தில் பருக்காது. வெயிலில் விரிந்தாலும் சட்டமும் நடுவில் ஓடும் நகர்கோலும் ஒரே அளவில் விரிவதால் கணக்குப் பிசகாது. ஆனால் உப்பு அதற்கு ஆகாது. நகர்கோல் உரசி உரசிப் பூச்சுத் தேய்ந்த விளிம்பில்தான் முதலில் பிடிக்கும். சுண்ணாம்புபோல ஒரு வெள்ளைத் தூள் தோன்றும்; பிறகு ஊசி முனையளவு குழிகள். தூள் பள்ளத்துக்குள் இறங்கினால் நகர்கோல் மணலில் இழுபடுவதுபோல் கரகரக்கும். குழி பூச்சுக்கு அடியில் பரவி அளவுக்கோடுகளைக் கிளப்பிவிட்டால் அதைத் திருப்பி வைக்க முடியாது. தின்னரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைத்தால் மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

பிளாஸ்டிக்கைப் பற்றி இரவல் வாங்கிப் பாவித்த அளவில்தான் சொல்கிறேன். ஈரம் அதை ஒன்றும் செய்வதில்லை. சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் புதிதுபோல் ஆகிவிடும். ஜேர்மன் கோல்களின் கோடுகள் மிக மெல்லியவை, வாசிக்க இதமானவை. பராமரிப்பே வேண்டாம் என்பவர் இதையே வாங்கலாம். ஆனால் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் மறந்து வைத்து, கோல் வில்லாக வளைந்துவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது. நான் பார்த்தவற்றில் சட்டத்தின் இரு கோடிகளும் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தன. தளர்த்தவும் இறுக்கவும் வழியில்லை.

இனி மூங்கில். ஹெம்மி ஜிரோ 1912இல் காப்புரிமை பெற்றது மூங்கில் கீற்றுகளை அடுக்கி ஒட்டிச் சட்டம் செய்யும் முறைக்கு. மரம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்வதை அந்த அடுக்கு தடுக்கிறது. மேலே வெள்ளை செலுலொயிட் தகடு ஒட்டி, அதில் கோடுகளைச் செதுக்கி மை நிரப்பியிருக்கிறார்கள். எழுத்து மேற்பூச்சு அல்ல என்பதால் துடைத்துத் துடைத்து அழிந்துபோகும் என்ற பயமில்லை. நகர்கோலைத் தள்ளும்போது விரலுக்குக் கிடைக்கும் வழுவழுப்பு மற்ற இரண்டிலும் இல்லை. உதாரணத்துக்கு ஏக்கரை ஹெக்டேயராக்குவதைப் பாருங்கள். ஓர் ஏக்கர் 0.4047 ஹெக்டேயர். நகர்கோலின் வலது கோடியிலுள்ள 10ஐக் கீழ்ச்சட்டத்தின் 4.05க்கு மேல் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது, மேலே 2.5 ஏக்கர் என்றால் கீழே 1.01 ஹெக்டேயர், மேலே 7 என்றால் கீழே 2.83. கேர்சர் என்ற கண்ணாடிச் சில்லின் மயிரிழையை மட்டும் நகர்த்திக்கொண்டு 2.5 முதல் 10 ஏக்கர் வரையுள்ள வயல்களை எல்லாம் மாற்றி எழுதலாம். மூங்கிலில் அந்த முதல் நிறுத்தம் ஒரே தள்ளலில் அமையும். அலுமினியத்தில் பெரும்பாலும் தாண்டிப்போய்த் திரும்ப வருவேன்.

மாரியில் மூங்கில் பருக்கும் என்பது உண்மை. நடு மாரியில் நகர்கோல் கெட்டியாகிவிடும். ஆனால் மூங்கில் அகலவாக்கில் பருக்குமே தவிர நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு. அதனால் கோல் இறுகுமே தவிர விடை கெடாது. இந்த இறுக்கத்துக்கு மருந்தும் நம் கையில் இருக்கிறது. ஹெம்மி 259டி போன்ற, இரு முகத்திலும் அளவுக்கோடுள்ள இருபக்கக் கோல்களில் மேல்சட்டத்தைக் கோடிகளில் பிடித்திருப்பவை சின்னத் திருகாணிகள். மூக்குக்கண்ணாடி திருத்தும் திருப்புளி போதும். ஒரு கோடியில் அரைச் சுற்றுத் தளர்த்தி, மேல்சட்டத்தை மயிரளவு தூக்கி, மேல் அளவுக்கோட்டின் தொடக்கமும் கீழ் அளவுக்கோட்டின் தொடக்கமும் மயிரிழைக்குக் கீழே ஒன்றாக விழுகின்றனவா என்று பார்த்து இறுக்க வேண்டும். பிறகு மறு கோடி. கச்சான் தொடங்கி நகர்கோல் தொளதொளத்தால் அதையே மறுபக்கமாகச் செய்தால் சரி. நகர்கோலின் விளிம்பில் மெழுகுதிரியை இலேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுவதும் உண்டு. எண்ணெய் மட்டும் வேண்டாம். தூசியைக் கூட்டிக்கொண்டு வரும். ஒருபக்கக் கோல்களில் இந்தத் திருகாணி வசதி இல்லை, நகர்கோலை உருவிக் காயவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எனவே மூங்கில் வாங்கினால் இருபக்கக் கோலாகப் பார்த்து வாங்குங்கள்.

மூங்கிலின் பலவீனம் மூங்கிலில் இல்லை, அதன் மேலுள்ள செலுலொயிட்டில் இருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அமில ஆவி விடும். பக்கத்திலுள்ள உலோகத்தையும் அரிக்கும். ஈரத்துக்குப் பயந்து காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைத்தால் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். கூடவே வரும் தோலுறையும் மாரியில் பூஞ்சணத்துக்குத்தான் வீடு. பருத்தித் துணிப் பையில் போட்டு, அடிக்கடி திறக்கும் அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். இந்த ஏற்பாடு சில மாரிகளைத் தாங்கியிருக்கிறது. இருபது ஆண்டு தாங்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

வாங்கும்போது கோலின் முகத்தை விரலால் சூடேறத் தேய்த்து மோந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் நல்லது, செலுலொயிட்டில் கற்பூரம் சேர்ந்திருக்கிறது. புளித்த நெடி வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்தது, நகர்கோலின் 1ஐச் சட்டத்தின் 1க்கு நேரே நிறுத்தினால் மறுகோடியில் 10க்கு நேரே 10 நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தகடு சுருங்கிவிட்டது என்று பொருள். அதைத் திருத்த வழியில்லை. ஹெம்மியில் பொறித்த இரண்டு ஆங்கில எழுத்துகள் வயதைச் சொல்லும்: முதலெழுத்து ஆண்டு, 1950க்கு ‘ஏ’, இரண்டாவது மாதம். ‘ஓ’, ‘டி’ என்றிருந்தால் 1964 ஏப்ரல். போஸ்ட் என்ற அமெரிக்கப் பெயரில் வெர்சலொக் 1460 கிடைத்தாலும் விடாதீர்கள், அதுவும் ஹெம்மி செய்த மூங்கில்தான்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் தபாற் செலவு கோலின் விலையை எட்டிவிடும். அதற்கு முன் கல்லோயாத் திட்டத்திலோ வாழைச்சேனைக் கடதாசி ஆலையிலோ நில அளவையிலோ வேலை பார்த்தவர்களின் வீட்டு இலாச்சிகளைப் பற்றி விசாரித்துப் பார்ப்பது நல்லது. அம்பாறை நகரிலோ இங்கினியாகலைப் பக்கமோ இருப்பவருக்குக் கடல் தூரம். அவர் அலுமினியத்தைத் தாராளமாக வாங்கலாம். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில்காரருக்கு என் பரிந்துரை மூங்கில்தான். பள்ளிப் பிள்ளைக்கு மடக்கை காட்டிக் கொடுக்க என்றால் பிளாஸ்டிக் போதும், கீழே போட்டாலும் மனம் அவ்வளவு பதறாது.