அந்த நாள்: பாட்டில்லாத படம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

'அந்த நாள்' பற்றிக் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: 1954இல் வந்தது, தமிழில் பாட்டே இல்லாத முதல் படம். அப்புறம்? பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த ஒரு தகவலே இவ்வளவு நல்ல படத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி நம்மைப் பார்த்தபடியே சரிந்து விழுகிறார். கதாநாயகன் முதல் காட்சியிலேயே செத்துப்போனால் மிச்சப் படத்தில் என்ன இருக்கும் என்று தோன்றும். இருப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். 1943 அக்டோபர், சென்னைமேல் ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம், ஊரே கிலியில் கிடக்கிறது, அந்தச் சமயத்தில் ராஜன் என்கிற ரேடியோ இன்ஜினியரை யாரோ வீட்டுக்குள் வைத்துச் சுட்டுவிட்டார்கள். சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் (திரைக்கதை, வசனமும் அவரே) ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரிக்க, பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நாட்டியக்காரி என்று ஆளாளுக்கு இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள்.

இங்கேதான் சிவாஜியைப் பார்க்கவேண்டும். சொல்கிற ஆளுக்குத் தகுந்தபடி ராஜனும் மாறுகிறான். அதே முகம், அதே குரல், ஆனால் தம்பியிடம் கறாராகப் பேசுகிறவனும் நாட்டியக்காரி வீட்டில் குழைகிறவனும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிடும். 'பராசக்தி' வந்து இரண்டே வருடத்தில், அதில் அவரோடு நடித்த பண்டரிபாயே இங்கே மனைவியாக வர, நெருப்பாக வசனம் பேசிப் பெயர் வாங்கிய மனிதர் குரலை இறக்கி இப்படி ஒரு வேடம் செய்திருக்கிறார்!

இயக்கியவர் எஸ். பாலசந்தர், ஆமாம், வீணை பாலசந்தரேதான். சங்கீதத்தில் ஊறிய மனிதர் ஒரு பாட்டுகூட வேண்டாம் என்று முடிவெடுத்தது எவ்வளவு பெரிய துணிச்சல். வந்தபோது படம் ஓடவில்லை.

குறை என்றால் கடைசிப் பகுதியில் வசனம் கொஞ்சம் நீளுகிறது, அவ்வளவுதான். கொலையாளி யாரென்று தேடிப் படித்துவிடாமல் ஒரே மூச்சில் பாருங்கள். எனக்குத் தெரிந்த பிறகும் சுவை குறையவில்லை, இரண்டாம் முறை ராஜனை விட்டுவிட்டு, அவன் கதையைச் சொல்கிறவர்களின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.