மாருதி 800 கார்ப் மாடல்: ஸ்க்ரூவ தொடாதீங்க, மொதல்ல ஹோஸப் பாருங்க

97 மாடல் எய்ட் ஹண்ட்ரட் ஒண்ணு நல்ல ரேட்டுக்கு வருதுடா, கார்புரேட்டர் வண்டி (கார்ப்னு சொல்றது, காத்தையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குக் குடுக்கற சாமான்), எடுக்கலாமான்னு ஃப்ரெண்டு ஒருத்தன் போன வாரம் கேட்டான். வாய்ஸ் மெசேஜ்ல சொல்ல ஆரம்பிச்சா ராத்திரி முழுக்க போகும். என் வண்டியவும் இப்பத்தான் ஒரு வழியா சரி பண்ணி வெளிய எடுத்திருக்கேன், கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். 796 சிசி, மூணு சிலிண்டர், நாலு கியர்லாம் ஊருக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

மொதல்ல பிடிச்சத சொல்லிடறேன், இல்லாட்டி கடைசி வரைக்கும் திட்டிட்டுத்தான் இருப்பேன். அந்த சோக் நாப். கோயம்புத்தூர்ல மார்கழி காலைல நாப்ப முழுசா இழுத்துட்டு ஆக்சிலேட்டர்ல கால் வெக்காம சாவியத் திருப்பினா பாதி சுத்துல புடிச்சுக்கும். உள்ள நடக்குறது ரொம்ப சிம்பிள், கேபிள் இழுத்ததும் கார்ப் வாய்ல இருக்கற தகடு மூடிக்குது, காத்து கம்மியாகி பெட்ரோல் ஜாஸ்தியா போகுது, அதே லிங்க் கீழ த்ராட்டில் தகட்ட (ஆக்சிலேட்டர மிதிச்சா திறக்கறது) ஒரு நூல் அளவு திறந்து வெச்சுடுது, அதனாலதான் சோக்ல வண்டி கொஞ்சம் சத்தமா ஓடுறது. அப்புறம் சத்தத்தக் கேட்டுக் கேட்டு நாப்ப கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளணும். இப்ப வர்ற வண்டில இதெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்குது, நமக்கு உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது. இத்தன வருஷத்துல எனக்கு இந்த ஒரு நாப் மட்டும் சலிக்கவே இல்ல.

கார்ப்பும் நம்ம ஊரு சரக்குதான். மறைமலை நகர்ல யூகால், ஜப்பான் மிகுனியோட சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. ரெண்டு பேரல் கார்ப், கழட்டி கழுவி நல்ல கிட் போட்டு மாட்டினா மறுபடி வருஷக்கணக்குல ஓடும். அது மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறையெல்லாம் அதச் சுத்தி ஓடுற டியூப் மேலதான், அந்த டியூப்ப பாக்காம ஸ்க்ரூடிரைவர எடுக்கற ஆளுங்க மேலயும்தான்.

என் வண்டி சிக்னல்ல நிக்கும்போது ஐடில், அதாவது ஆக்சிலேட்டர்ல கால் வெக்காதப்ப என்ஜின் சுத்துற வேகம், தானா ஏறும், 1500 ஆர்பிஎம் வரைக்கும் போகும், அப்புறம் இறங்கும், சில சமயம் ஆஃப் ஆயிடும், பின்னாடி நிக்கற பஸ்காரன் ஹாரன் வேற. எந்த ஒர்க்‌ஷாப் போனாலும் பானட்டத் தூக்கினதும் கை நேரா போறது ஐடில் ஸ்க்ரூவுக்கு, இல்ல மிக்சர் ஸ்க்ரூவுக்கு. ஒரு ஆள் ரிச்சா, அதாவது பெட்ரோல் ஜாஸ்தியா வெப்பாரு, ஐடில் நிக்கும், மைலேஜ் போயிடும், பொல்யூஷன் டெஸ்ட்ல பிஎஸ்-2ங்கற புகை விதிக்கு முந்தின இந்த மாதிரி வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் தாண்டக்கூடாதுன்னு இருக்கு, அங்க மாட்டும். அடுத்த ஆள் பெட்ரோலக் குறைச்சு லீன் பண்ணுவாரு, பொல்யூஷன் பாஸ் ஆகும், வண்டி மறுபடி சிக்னல்ல ஆடும். கடைசியா எல்லாரும் ஒரே இடத்துல வந்து நிப்பாங்க, "கார்ப் போயிடுச்சுங்க சார், மாத்திடலாங்க". போகலய்யா, கார்ப்புக்கு ஒண்ணும் ஆகல!

த்ராட்டிலுக்குக் கீழ, மேனிஃபோல்டு (கார்ப்புல இருந்து சிலிண்டருக்குப் போற குழாய்) பக்கம் எங்கயாச்சும் ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் கணக்குல இல்லாத காத்து உள்ள போகும், கார்ப்புக்கு அது தெரியாது, தெரிஞ்சாத்தானே அதுக்கு பெட்ரோல் குடுக்கும். இந்த லீக்க ஸ்க்ரூ வெச்சு அடைக்க முடியாது. ஐடில்ல ஓடவிட்டு ஒவ்வொரு ஹோஸ் முனைலயும் தண்ணி ஸ்ப்ரே பண்ணிப் பாருங்க, சத்தம் மாறுற இடத்துலதான் ஓட்டை. சிலர் பெட்ரோல் தெளிச்சு பாப்பாங்க, சூடான என்ஜின் மேல அந்த வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சரி, கடைசில நானே உக்காந்து ஒவ்வொரு டியூப்பா எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பேப்பர்ல வரைஞ்சேன். ஏர் கிளீனர் டப்பாவ கழட்டினாத்தான் ஒண்ணாவது கண்ணுக்குத் தெரியும், அதக் கழட்டாம இந்த வேலை ஆகாது. ஆரம்பிக்க வேண்டியது எப்பவும் வேக்கம், அதாவது என்ஜின் காத்த உறிஞ்சற இழுப்பு, பொறக்கற பக்கத்துல இருந்து, அதாவது மேனிஃபோல்டு நிப்பிளும் கார்ப் நிப்பிளும். ஒவ்வொண்ணா கழட்டி விரல் வெச்சுப் பாத்தா ரெண்டு ஜாதி இருக்கறது புரியும். ஒண்ணு ஐடில்லயே விரல இழுக்கும், அது மேனிஃபோல்டு வேக்கம், பிரேக் பெடல லேசாக்கற பிரேக் பூஸ்டர் மாதிரி சாமானுக்குப் போறது. இன்னொண்ணு ஐடில்ல சும்மா இருக்கும், ஆக்சிலேட்டர லேசா திருகினதும் இழுக்க ஆரம்பிக்கும், ஏன்னா அதோட ஓட்டை மூடின த்ராட்டில் தகட்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கு. பிளக்குகளுக்கு கரண்ட பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டுல தட்டு மாதிரி ஒண்ணு இருக்குமே, வேக்கத்த வெச்சு ஸ்பார்க் டைமிங்க முன்னாடி தள்ளற அந்த வேக்கம் அட்வான்ஸுக்குப் போக வேண்டியது இந்த ரெண்டாவது.

என் வண்டில என்ன பண்ணி வெச்சிருந்தாங்க தெரியுமா, எப்பவோ எந்த புண்ணியவானோ டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸ மேனிஃபோல்டு நிப்பிள்ல சொருகிட்டு, அது போக வேண்டிய கார்ப் நிப்பிள்ல ஒரு துண்டு டியூப் மாட்டி அதுக்குள்ள போல்ட்ட திருகி அடைச்சிருக்காரு. அப்போ ஐடில்லயே டைமிங் அட்வான்ஸ் ஆகி நிக்குது, ஆர்பிஎம் ஏறுது, அதக் குறைக்க ஐடில் ஸ்க்ரூவ இறக்கறாங்க, லேசா லோடு வந்து வேக்கம் குறைஞ்சதும் டைமிங் பின்னாடி போகுது, வண்டி ஆஃப். இவ்ளோதான் கதை. இதுக்கு எத்தன பேரு கார்ப்ப கழட்டி மாட்டிருக்காங்கன்னு நெனச்சா பத்திக்கிட்டு வருது. அது போதாதுன்னு பிரீதர் (என்ஜின் உள்ள சேர்ற புகை வெளிய வர்ற வழி) பக்கம் இருந்த ஒரு ஹோஸுக்கு பதிலா கண்ணாடி வாஷர் டியூப்ப மாட்டி வெச்சிருந்தாங்க, சூட்டுல அது அப்பளமா நமத்துப்போய் உள்பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வேக்கம் ஹோஸுன்னு கடைல கேட்டா பெட்ரோல் ஹோஸ குடுக்கறாங்க, அது பரவால்ல தாங்கும், வாஷர் டியூப் மட்டும் வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் டயாஃப்ரம் (அந்த அட்வான்ஸ் தட்டுக்குள்ள இருக்கற சவ்வு) நல்லா இருக்கான்னு பாக்க மெஷின்லாம் வேண்டாம், கேப்ப கழட்டிட்டு ஹோஸ வாயால உறிஞ்சி நாக்கால அடைச்சுப் பிடிச்சா உள்ள இருக்கற தட்டு நகர்ந்து அங்கயே நிக்கணும், திரும்பிடுச்சுன்னா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. பிரேக் பூஸ்டருக்கும் அதே போல ஈசி, என்ஜின் ஆஃப்ல பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு அமுக்கிப் பிடிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணா பெடல் கொஞ்சம் கீழ போகணும்.

ஹோஸெல்லாம் அதது இடத்துக்குப் போனதும் என்ன மாறுச்சுன்னு கேப்பீங்க. சிக்னல்ல ஆட்டம் நின்னுச்சு. அவிநாசி ரோட்டுல 50, 60ல கால லேசா வெச்சுப் போகும்போது வண்டி வேற மாதிரி, முன்னாடி இருந்த அந்த அடங்கின இழுவை இல்ல. ஆனா குன்னூர் காட் ரோட்டுல ஒரு வித்தியாசமும் இல்ல, இருக்கவும் இருக்காது, ஏன்னா முழுசா மிதிச்சு ஏறும்போது வேக்கமே இருக்காது, அட்வான்ஸும் வேல செய்யாது. ஊட்டி 2,240 மீட்டர், மேல காத்து மெலிசு, அங்க வேக்கம் கேஜ் வெச்சா கீழ இருக்கறத விட ஆறேழு இன்ச் கம்மியாத்தான் காட்டும், அதப் பாத்துட்டு யாராச்சும் பிஸ்டன் ரிங் போயிடுச்சுன்னு சொன்னா நம்பிடாதீங்க.

சோக் கேபிள் பத்தி ஒண்ணு. நாப் உள்ள போயிடுச்சுன்னா சோக் திறந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கேபிளோட வெளி உறைய பிடிக்கற கிளிப் லூசா இருந்தா உறையே நகரும், தகடு பாதி மூடியே நிக்கும், பிளக் கரியா இருக்கும், மைலேஜ் போகும். டப்பாவ கழட்டி தகடு நேரா நிக்குதான்னு கண்ணால பாக்கணும். நாப் உள்ள இருக்கும்போது கேபிள்ல கொஞ்சூண்டு தொய்வு இருக்கணும், டைட்டா கட்டிடக்கூடாது.

இவ்ளோ நல்லா சொல்லிட்டு என்ன சொல்லப்போறேன்னா, எடுக்காதடா. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி, ரீ-ரெஜிஸ்ட்ரேஷன், கிரீன் டாக்ஸ்னு அலையணும், அது கூட பரவால்ல, இந்த ஹோஸப் பாத்து சொல்ற ஆளு உன் ஊர்ல இருக்காரான்னு மொதல்ல யோசி. 2000ல இருந்து எம்பிஎஃப்ஐ, அதாவது கார்ப் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் அடிக்கற மாடல், வந்துடுச்சு, எய்ட் ஹண்ட்ரட்தான் வேணும்னா அதுல ஒண்ணு பாரு. என் வண்டியக் குடுக்கறியான்னு கேக்காத, அது வேற விஷயம். இப்ப ஏசி போட்டா மட்டும் ஐடில் இறங்குது, ஏசி போட்டா ஐடில ஏத்தி விடற ஐடில் அப்புக்குப் போற அந்த லைன இன்னும் பிடிக்கல, ஞாயித்துக்கிழமை மறுபடி டப்பாவ கழட்டணும்.