சேலம் வெயிலில் ஒரு ட்ரைசூட்: ஏழு வருஷ அனுபவம்

சேலத்துக்காரன் குளிருக்கென்று வாங்கும் அதிகபட்ச சாமான், ஏற்காடு போகும்போது மாட்டிக்கொள்ள ஒரு குரங்குக் குல்லா. நான் 2018-இல் ஒரு ட்ரைசூட் வாங்கினேன், அதாவது குளிர்ந்த கடலுக்கடியில் டைவ் பண்ணப் போட்டுக்கொள்ளும் தண்ணீர் புகாத உடை. விலைக்கு ஒரு நல்ல பைக் வந்திருக்கும். இதுவரை நான்கு பயணம், முப்பத்தெட்டு டைவ்.

மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் வெளியே தெரியும். சின்ன வயசில் அப்பா கூட்டிப்போய்க் காட்டுவார். மூழ்கிக் கிடப்பதைப் பார்க்கத் தண்ணீர்தான் இறங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நாமும் இறங்கலாம் என்று தெரிய முப்பது வயசு தாண்டியது.

நான் போவது ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்காப்பா ஃப்ளோ என்ற கடல்பரப்புக்கு. முதல் உலகப் போர் ஓய்ந்ததும் 74 ஜெர்மன் போர்க்கப்பல்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். எதிரி கைக்குப் போய்விடக் கூடாதென்று 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் அட்மிரல் லூட்விக் ஃபான் ராய்ட்டர் உத்தரவு போட, அவருடைய ஆட்களே வால்வுகளைத் திறந்து 52 கப்பல்களை மூழ்கடித்தார்கள். பெரும்பாலானவை பிற்பாடு பழைய இரும்பாகப் போய்விட்டன. டைவர்கள் தேடிப்போகும் பெரிய கப்பல்கள் ஏழு மிச்சம்.

இதை அம்மாவுக்குப் புரிய வைக்க எம்டன்தான் கைகொடுத்தது. 1914-இல் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட எம்டன் அந்த வருஷமே அழிந்துவிட்டது. அதே பெயரில் கட்டிய இரண்டாவது எம்டன்தான் ராய்ட்டரின் கொடிக்கப்பல். அதை மூழ்குவதற்குள் பிரிட்டிஷார் கரை தட்ட வைத்துவிட்டார்கள். அதே அச்சில் வார்த்த கார்ல்ஸ்ரூஹெ இன்னும் அங்கே அடியில் கிடக்கிறது. "எம்டனோட தம்பியப் பாக்கவா இத்தன செலவு?" என்றார் அம்மா.

சரி, சூட்டுக்கு வருகிறேன். வெட்சூட்டில் தண்ணீர் உள்ளே வரும், உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகும். ட்ரைசூட்டில் தண்ணீரே வரக் கூடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுகப் பிடிக்கும். உள்ளே ரஜாய் மாதிரி ஒரு உடுப்பு. ஆழம் போகப் போகத் தண்ணீர் அழுத்தி, சூட் சுருங்கித் தோலைக் கிள்ளும். அப்போது நெஞ்சில் இருக்கும் பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் காற்று விட வேண்டும். மேலே வரும்போது அந்தக் காற்று உப்பும், இடது தோளருகே உள்ள வால்வு வழியே அதை வெளியேற்ற வேண்டும். தலை கீழாகிவிட்டால் காற்றெல்லாம் காலுக்கு ஓடி, பலூன் மாதிரி மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். இது கைக்குப் பழக எனக்குப் பத்து டைவ் ஆனது. ஆகவே வாங்கிய கையோடு ஆழத்துக்குப் போகாதீர்கள்.

என் தப்பு, முதுகில் ஜிப் வைத்ததை வாங்கியது. அடுத்தவர்தான் மூடிவிட வேண்டும். 2019 மே மாதம், தண்ணீர் எட்டு டிகிரி. மூடியவர் அரை அங்குலம் விட்டுவிட்டார். கிணற்றடியில் மார்கழி விடியலில் யாரோ முதுகில் சொம்புத் தண்ணீரை நிதானமாக ஊற்றுவதுபோல் இறங்கியது. நான்கு நிமிஷத்தில் மேலே ஏறிவிட்டேன். முன்பக்க ஜிப் உள்ளதையே வாங்குங்கள்.

சூட் ஒழுங்காக இருந்த நாட்களில் பார்த்த கப்பல்களில் எனக்கு முதலிடம் க்யோல்ன். ஏறக்குறைய 36 மீட்டரில் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. பச்சைத் தண்ணீரில் பத்து மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாது. அதனால் கப்பல் முழுசாகக் கண்ணில் படாது, துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். தளம் சுவராக நிற்கிறது, அதை ஒட்டி நீந்திப் போகிறோம். படகுகளைத் தொங்கவிட்ட வளைந்த இரும்புக் கைகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கவசக் கோபுரத்தில், உள்ளிருந்து வெளியே பார்க்க வெட்டிய ஒடுக்கமான கீறல்கள். ஒன்றில் டார்ச்சை வைத்துப் பார்த்தேன். ஒரு நண்டு வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு எட்டு பின்னால் போனது, அவ்வளவுதான். விரல் நடுங்கியிருந்தால் அந்தக் கீறலில் அரை நிமிஷம் நின்றிருக்க மாட்டேன். கொடுத்த காசு அங்கே கழிந்தது என்று நினைத்துக்கொண்டேன். எதையும் எடுத்துவரக் கூடாது, இந்த ஏழும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

சூட்டுக்கு உண்மையான எதிரி ஆர்க்னி குளிர் இல்லை, அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறை. முதல் கோடையிலேயே கழுத்து ரப்பர் வெயிலில் அல்வா மாதிரி பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. புதுசு வாங்கி மாற்றினேன். அப்புறம் பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ரப்பருக்கு வாசனை இல்லாத பவுடர், பித்தளை ஜிப்புக்கு மெழுகு. எல்லாம் முடித்து ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கே வெயில் தொந்தரவு இல்லை, பூஞ்சைதான். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றாட விடச் சொல்லியிருக்கிறேன்.

2022 பயணத்துக்கு முன்னால் முழங்காலில் எங்கோ ஓட்டை. பக்கத்துத் தெரு பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். மணிக்கட்டு இரண்டிலும் தண்ணீர் பாட்டில், கழுத்தில் ஒரு ரப்பர் பந்து என்று செருகி, கைபம்பால் காற்றடித்தோம். தலையில்லாத ஆள் ஒருவர் கடை வாசலில் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. "மழைக்கோட்டுக்கு எதுக்கு சார் இவ்ளோ கெட்டி ஜிப்பு?" என்று கேட்டபடியே கடைக்காரர் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டு வந்தார். இடது முழங்கால் தையலில் குட்டிக் குட்டியாய்க் குமிழி வந்தது. இடத்தைக் கண்டுபிடித்தது அவர். ஒட்டியது நான், அதற்கென்று உள்ள பசையால். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த ஒட்டு 2024-லும் தாங்கியது.

கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். அடுத்த பயணத்துக்கு முன் மணிக்கட்டு ரப்பரை மாற்ற வேண்டும், இழுத்தால் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. போன வாரம் பெரியம்மா ஃபோனில், "உன் ஆள் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கான், பவுடர்தான் தீந்துபோச்சு" என்றார்.