தமிழை எதில் வைப்பது? ஹாஸ்கெலின் ஸ்ட்ரிங், டெக்ஸ்ட், பைட்ஸ்ட்ரிங்

ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியைப் பழக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், புதியவர்களை மிரட்டும் மோனாட் என்ற கருத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "பிரிண்ட் கொடுத்தால் தமிழ் வராமல் எண்களாக வருகிறதே, ஏன்?" என்றுதான் கேட்கிறார்கள். "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தால் 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்கள் பின்சாய்கோடுகளோடு திரையில் வந்து விழும். எதுவும் கெட்டுப்போகவில்லை. பிரிண்ட் தன் வேலையை ஷோ என்ற செயற்கூறிடம் ஒப்படைக்கிறது. ஷோ எதையும் நிரலுக்குள் மறுபடி ஒட்டக்கூடிய வடிவில் எழுதிக் காட்டும். ஆஸ்கிக்கு, அதாவது ஆங்கில எழுத்துகளும் அடிப்படைக் குறிகளும் கொண்ட பழைய தொகுப்புக்கு, வெளியே உள்ள எழுத்துகளை எண்ணாக்கிவிடும். பிரிண்டுக்குப் பதில் புட்ஸ்ட்ரிங்லைன் (putStrLn) போட்டால் தமிழ் தமிழாகவே வரும்.

அடுத்த கேள்வி அவ்வளவு எளிதில் முடிவதில்லை. எழுத்துச் சரத்தை வைக்க ஸ்ட்ரிங், டெக்ஸ்ட், பைட்ஸ்ட்ரிங் என்று மூன்று வகைகள் இருக்கின்றனவே, எதை எடுப்பது? "டெக்ஸ்ட்டை எடு" என்பதுதான் வழக்கமான பதில். என் பதிலும் அதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தவை. தமிழை வைத்துப் பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது.

ஸ்ட்ரிங் என்பது எழுத்துக்குறிகளின், அதாவது யூனிகோட் தனித்தனி எண் கொடுத்திருக்கும் குறிகளின், பட்டியல், அவ்வளவுதான். பட்டியலுக்கு என்னவெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் இதற்கும் செய்யலாம்: தலையையும் வாலையும் பிரித்து வடிவப் பொருத்தம் செய்யலாம், மேப் போடலாம், ஃபில்டர் போடலாம். கற்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் 64 பிட் கணினியில் ஜிஎச்சி கம்பைலர் ஒவ்வொரு பட்டியல் கண்ணிக்கும் 24 பைட் எடுத்துக்கொள்கிறது. எழுத்துக்குறி தனிப் பொருளாக நினைவகத்தில் இருந்தால் அதற்கு இன்னும் 16 பைட். 255 வரையிலான குறிகளுக்கு மட்டும் ஆயத்தமான பொதுப் பிரதிகள் உண்டு. நினைவகத் துப்புரவின்போது ஆங்கில எழுத்துகள் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும். தமிழ்க் குறிகள் 2944இலிருந்து தொடங்குவதால் அவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக, ஆங்கில எழுத்துக்கு 24 பைட் என்றால் தமிழ்க் குறிக்கு 40. பத்து லட்சம் குறிகள் கொண்ட ஒரு தமிழ்க் கோப்பை முழுவதும் நினைவகத்தில் பிடித்து வைத்தால் 4 கோடி பைட் போய்விடும். அதே கோப்பு வட்டில் 30 லட்சம் பைட்தான்.

டெக்ஸ்ட் குறிகளை நெருக்கி அடுக்கி ஒரே அணியாக வைக்கிறது. 1.2 வரையிலான பதிப்புகளில் உள்ளுக்குள், குறிகளைப் பைட்டுகளாக எழுதும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-16 இருந்தது. 2021 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு யுடிஎஃப்-8 என்ற இன்னொரு முறைக்கு மாறியது. ஆங்கிலத்துக்கு அந்த மாற்றத்தால் இடம் பாதியாகக் குறைந்தது. தமிழுக்கு நேர்மாறு: யுடிஎஃப்-16இல் ஒரு குறிக்கு 2 பைட், யுடிஎஃப்-8இல் 3. நம் எழுத்துக்கு ஒன்றரை மடங்கு இடம் கூடிவிட்டது. இருந்தும் அந்த மாற்றத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். வலையிலிருந்தும் வட்டிலிருந்தும் வருவது யுடிஎஃப்-8 என்பதால், முன்பு உள்ளே நுழையும்போது ஒருமுறையும் வெளியேறும்போது ஒருமுறையும் உருமாற்ற வேண்டியிருந்தது. இப்போது சரிபார்த்துவிட்டு அப்படியே நகலெடுத்தால் போதும். ஸ்ட்ரிங்கின் 40 பைட்டுக்கு முன்னால் இந்த 3 பைட் ஒரு சுமையே அல்ல.

டெக்ஸ்ட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சுற்றுக்குள் ஒவ்வொரு துண்டாக ஒட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் முழுச் சரமும் நகலாகும். துண்டுகளைச் சேர்த்து வைத்து கான்கேட்டிடம் கொடுங்கள், அல்லது பில்டரைப் பயன்படுத்துங்கள். மற்றொன்று, பெரிய கோப்பிலிருந்து வெட்டியெடுத்த சிறு சொல் அந்தப் பெரிய அணியையே பிடித்துக்கொண்டிருக்கும். நீண்ட காலம் வைத்திருக்கப்போகும் சொல்லை காப்பி என்ற செயற்கூறால் தனியாக்கிக்கொள்ள வேண்டும்.

பைட்ஸ்ட்ரிங்தான் தமிழுக்கு ஆபத்தானது. குற்றம் அதன்மீது இல்லை. அது எழுத்தே அல்ல, வெறும் பைட்டுகள். படங்களுக்கும் வலைப் பொட்டலங்களுக்கும் அதுதான் பொருத்தம். சார்8 என்ற துணைத் தொகுதி அதை எழுத்துச் சரம்போலக் காட்டுவதில்தான் சிக்கல். அதன் பேக் செயற்கூறு ஒவ்வொரு குறியையும் 8 பிட்டுக்கு நறுக்கிவிடும். மேற்கோளுக்குள் எழுதியதை ஸ்ட்ரிங் அல்லாத வகைகளாகவும் கொள்ளவிடும் ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ் நீட்டிப்பைப் போட்டுவிட்டு, பைட்ஸ்ட்ரிங் எதிர்பார்க்கப்படும் இடத்தில் தமிழ்ச் சொல்லை மேற்கோளுக்குள் எழுதினாலும் இதே நறுக்கல்தான். வகைப் பிழை வராது, ஓடும்போதும் பிழை வராது. 'த' என்பது 2980. 256ஆல் வகுத்தால் மீதி 164. மிஞ்சுவது அந்த 164 மட்டுமே.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று இப்படி நறுங்கிப்போனது. மூலக் கோப்பு அழிக்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டியலில் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே இருந்ததால் தப்பினோம்: தமிழ்க் குறிகள் எல்லாமே நறுங்கிய பின் 128க்கு மேல்தான் வரும் என்பதால், அத்தகைய பைட் ஒவ்வொன்றோடும் 2816ஐக் கூட்டினோம், பெயர்கள் திரும்பி வந்தன. அடுத்த பட்டியலில் கன்னடப் பெயர்களும் கலந்திருந்தன. கன்னட 'த'வும் நறுங்கினால் அதே 164தான். எது எந்த மொழி என்று சொல்ல வழியே இல்லை. அந்தப் பெயர்களை மறுபடி நேரில் கேட்டு வாங்கினார்கள். தன் பெயர் தவறாக அச்சான அட்டையைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு இது தொழில்நுட்ப நுணுக்கம் அல்ல. அதனால்தான் சார்8 இறக்குமதியைப் பார்த்தாலே நிறுத்திக் கேட்கிறேன்.

அப்படியானால் பைட்ஸ்ட்ரிங் வேண்டாமா? வாசலில் வேண்டும். ஹாஸ்கெலில் தானாகவே கிடைக்கும் ப்ரெலூட் தொகுதியின் ரீட்ஃபைல், டெக்ஸ்ட்டின் ஐஓ தொகுதியில் உள்ள ரீட்ஃபைல் இரண்டுமே கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து எழுத்துக் குறியாக்கத்தை முடிவு செய்கின்றன. உங்கள் மேசையில் ஓடிய நிரல், மொழி அமைப்பே இல்லாத ஒரு கன்டெய்னருக்குள் (நிரலை அடைத்து ஓட்டும் தனிச் சூழலுக்குள்) போனதும் முதல் தமிழ் எழுத்திலேயே நின்றுவிடும். ப்ரெலூடின் ரீட்ஃபைல் சோம்பலாக வேறு படிக்கும்: படித்து முடியாத கோப்பிலேயே எழுதப் போனால், கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்ற பிழை வரும். ஆகவே கோப்பை பைட்ஸ்ட்ரிங்காக முழுவதும் படித்து, பெயரின் கடைசியில் ஒற்றை மேற்கோள் குறி உள்ள டிகோடுயுடிஎஃப்8 செயற்கூறால் டெக்ஸ்ட்டாக மாற்றுங்கள். அது பிழை அல்லது விடை என இரண்டில் ஒன்றைத் தாங்கும் ஈதர் வகையைத் திருப்பித் தரும். கெட்ட பைட் இருந்தால் என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யலாம். அந்த மேற்கோள் குறி இல்லாத இரட்டையர் விதிவிலக்கை வீசி நிரலை நிறுத்திவிடும். டெக்ஸ்ட் 2.1இல் யுடிஎஃப்-8ஐ மட்டுமே பேசும் தனி ஐஓ தொகுதியும் வந்துவிட்டது.

எழுத்தை எண்ணுவதில் மூன்றுமே தோற்கின்றன. "தமிழ்" என்பதற்கு நாம் மூன்று எழுத்து என்போம். ஸ்ட்ரிங்கும் டெக்ஸ்ட்டும் ஐந்து என்கின்றன, ஒழுங்காகக் குறியாக்கம் செய்த பைட்ஸ்ட்ரிங் 15 என்கிறது. ரிவர்ஸ் போட்டால் புள்ளி முதலில் வந்து நிற்கும். டேட்டா.சார் தொகுதியில் உள்ள இஸ்மார்க்கைக் கொண்டு உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் வடிகட்டிவிட்டு எண்ணினால் மூன்று கிடைக்கும். பெரும்பாலான வேலைக்கு அது போதும். 'ஸ்ரீ' மட்டும் இரண்டு என்று வரும். அதை ஓர் எழுத்தாகக் கொள்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும்.

தேடலில் இன்னொரு பொறி இருக்கிறது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரிந்தும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். டெக்ஸ்ட்டின் சமன் குறிக்கு இரண்டும் வேறு. ஒரே 'கொடைக்கானல்' பட்டியலில் இரண்டு ஊராக நிற்கும். ஆகவே டிகோட் ஆன டெக்ஸ்ட்டை, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிய பிறகே சேமிக்கிறேன். யூனிகோட்-டிரான்ஸ்ஃபார்ம்ஸ் தொகுப்பில் அதற்கு ஒரு செயற்கூறு இருக்கிறது. நிரலில் ஒரு வரிதான் கூடுகிறது.